ஹெர்னியா சரியாகிவிட்டது, வலி போகவில்லை: எந்த அறுவையில் எவ்வளவு, ஏன்?

தொடையிடுக்கு ஹெர்னியாவுக்காக (குடலிறக்கம்) உலகெங்கும் ஆண்டுதோறும் 2 கோடிக்கும் மேற்பட்ட அறுவைகள் நடக்கின்றன. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பி, அறுவை நடந்ததையே மறந்துவிடுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் புடைப்பு போய், வலி தங்கிவிடுகிறது. விடை தேடி இணையத்துக்குப் போகும் இவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று. ஓட்டையை மூட உள்ளே வைத்த பிளாஸ்டிக் வலைதான் காரணம், உடனே எடுத்துவிடுங்கள் என்று மிரட்டும் காணொளி ஒன்று. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வலியே கிடையாது என்னும் விளம்பரம் இன்னொன்று. வலை தயாரிக்கும் நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் வழக்குகள் என்னும் செய்தி மூன்றாவது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் மட்டும் தவறானது.

எந்த வகை அறுவை என்பது வலியைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்றுதான். அறுவையின்போது நரம்புகள் எப்படிக் கையாளப்பட்டன, நோயாளி ஏற்கெனவே எவ்வளவு வலியோடு அறுவை மேசைக்கு வந்தார் என்ற இரண்டும் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. இவ்விரண்டையும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

எதை நீடித்த வலி என்கிறோம்

அறுவைக்குப் பிறகு வலிப்பது இயல்பு. தோலும் தசையும் ஆறும் வரை, அதாவது முதல் சில வாரங்களுக்கு, இருமினாலும் எழுந்தாலும் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். காயம் ஆறியிருக்க வேண்டிய காலம் கடந்தும் தொடர்ந்தால்தான் அதற்குத் தனிப் பெயர். உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறைப்படி, அறுவையால் தோன்றிய அல்லது அறுவைக்குப் பின் கூடிய வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நீடித்த வலி. ஹெர்னியா அறுவையாளர்களின் பன்னாட்டுக் குழு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தது. வலி நடுத்தர அளவிலாவது இருக்க வேண்டும், அன்றாட வேலையைத் தொந்தரவு செய்ய வேண்டும்.

இந்த நிபந்தனை சிறிய விஷயமல்ல. ஆய்வுக்கு ஆய்வு எண்கள் தாறுமாறாக இருப்பதற்குக் காரணமே இதுதான். “உங்களுக்கு எப்போதாவது அங்கே ஏதாவது உறுத்துகிறதா” என்று கேட்டால் மூன்றில் ஒருவர்கூட ஆம் என்று சொல்லக்கூடும். “வலியால் மாடிப்படி ஏற முடியவில்லையா” என்று கேட்டால் எண்ணிக்கை சட்டென்று சரிந்துவிடும். அந்த வழிகாட்டுதல் தரும் கணக்கு இது: கருத்தில் கொள்ள வேண்டிய அளவு நீடித்த வலி 10 முதல் 12 சதவீதம் பேருக்கு, காலப்போக்கில் இது குறைகிறது. வேலையையும் அன்றாட வாழ்வையும் முடக்கும் வலி 0.5 முதல் 6 சதவீதம் பேருக்கு. இனி எந்தச் செய்தியில் சதவீதம் ஒன்றைப் பார்த்தாலும், அது இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். முதல் எண்ணைச் சொல்லி இரண்டாவதன் பயத்தை ஊட்டுவது எளிது. பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

தொடையிடுக்கில் என்ன இருக்கிறது

ஹெர்னியா என்பது வயிற்றுச் சுவரில் ஏற்படும் ஓட்டை அல்லது தளர்ச்சி. அதன் வழியாகக் குடலோ கொழுப்போ வெளியே தள்ளுகிறது. அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் இது அதிகம் வருவதற்கு உடலமைப்பே காரணம். ஆண் கருவில் விதைகள் வயிற்றுக்குள் உருவாகிப் பிறகு கீழே விதைப்பைக்கு இறங்குகின்றன. இறங்கிய பாதை ஒரு சாய்ந்த குழாயாக வயிற்றுச் சுவரில் நின்றுவிடுகிறது. இரத்தக் குழாய்களும் விந்துக்குழாயும் சேர்ந்த விந்துக் கொடி அதன் வழியே போவதால், அந்தப் பாதையை முழுவதும் அடைக்க முடியாது. பெண்களிடம் இது குறுகலானது. வாழ்நாளில் தொடையிடுக்கு ஹெர்னியா வரும் வாய்ப்பு ஆண்களுக்குச் சுமார் 27 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம் என்பதன் பின்னணி இதுதான்.

வலியைப் புரிந்துகொள்ள, இதே சில அங்குல இடத்தில் ஓடும் மூன்று நரம்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலியோஇங்குவினல் நரம்பு விந்துக் கொடியின் மேலேயே படிந்து வருகிறது. இலியோஹைப்போகாஸ்ட்ரிக் நரம்பு அதற்குச் சற்று மேலே தசை அடுக்குகளுக்கு இடையில் ஓடுகிறது. ஜெனிட்டோஃபெமொரல் நரம்பின் ஜெனிட்டல் கிளை விந்துக் கொடியோடு சேர்ந்தே இறங்குகிறது. அடிவயிற்றின் கீழ்ப்பகுதி, தொடையின் உட்புற மேல்பகுதி, விதைப்பை ஆகியவற்றின் தொடுவுணர்வு இவற்றின் வேலை. நூல்போல மெல்லியவை; ஆளுக்கு ஆள் பாதையும் மாறும். முன்பக்கமாகத் திறந்து ஹெர்னியாவைச் சரிசெய்யும் அறுவையாளர் இந்த மூன்றையும் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரே வலி அல்ல

நோயாளி ‘வலிக்கிறது’ என்று ஒரே சொல்லில் சொல்வது உள்ளே வெவ்வேறு சங்கதிகளாக இருக்கலாம். அடுத்து என்ன செய்வது என்பது இந்தப் பிரிவைப் பொறுத்தது.

1. நரம்பு வலி. நரம்பு வெட்டுப்பட்டிருக்கலாம், தையலிலோ, வலையைப் பிடித்து நிறுத்தும் பிடிப்பானிலோ சிக்கியிருக்கலாம், வடுத்திசுவுக்குள் இறுகியிருக்கலாம். எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற சுரீர், உள்ளாடை உரசினாலே தாங்க முடியாத கூச்சம், கூடவே மரத்துப்போன ஒரு திட்டு. ஒரே இடம் மரத்தும் இருக்கும், வலிக்கவும் செய்யும் என்பது முரணாகத் தோன்றலாம். நரம்பு வலியின் அடையாளமே அதுதான். வெட்டுப்பட்ட நரம்பின் நுனி தாறுமாறாக வளர்ந்து ஒரு முடிச்சாகி, தூண்டப்படாமலே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும்.

2. திசு வலி. வலையைச் சுற்றிய அழற்சி, சுருங்கி மடிந்த வலை, இடுப்பெலும்பின் மேலுறையில் போட்ட தையல். இது ஆழமான, மந்தமான வலி. நடந்தால் கூடும், படுத்தால் குறையும். விரலால் ஒரே புள்ளியைக் காட்ட முடிந்தால் எலும்பின் மேல் விழுந்த தையலைச் சந்தேகிக்கலாம்.

3. விதை வலியும், விந்து வெளியேறும்போது வரும் வலியும். விந்துக்குழாய் வடுவில் இழுபடுவதால் வருவது. நம் ஊரில் இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. மருத்துவர்களும் பெரும்பாலும் கேட்பதில்லை.

4. ஹெர்னியாவே திரும்பி வந்திருப்பது. இதை ஸ்கேன் செய்து விலக்காமல் மற்ற மூன்றைப் பற்றிப் பேசக் கூடாது. இடுப்பு மூட்டுத் தேய்வு, முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தம் ஆகியவையும் இதே இடத்தில் வலியைக் காட்டும். ஹெர்னியாவுக்கு முன்பிருந்த வலியே உண்மையில் மூட்டு வலியாக இருந்து, அறுவைக்குப் பின்னும் அது அப்படியே தொடர்வதும் உண்டு.

இவை தவிர, பல மாதங்கள் தொடர்ந்து வலிச் செய்தி போய்க்கொண்டிருந்தால் தண்டுவடமும் மூளையும் அதற்குக் கூருணர்வு பெற்றுவிடுகின்றன. அதன் பிறகு உள்ளூர்க் காரணத்தை நீக்கினாலும் வலி முழுவதும் அடங்காமல் போகலாம். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவதற்கு இது சாக்கு ஆகாது. நரம்பு மண்டலத்தில் நடக்கும் உண்மையான மாற்றம் இது.

அறுவை வகைகள்: ஒவ்வொன்றும் எங்கே வலிக்கும்

தையல் மட்டும் போட்டு மூடும் முறைகளில் இன்றைய மருத்துவத்தின் தொடக்கம் இத்தாலியின் பதுவா நகரில் எதுவார்தோ பாசினி 1880களில் செய்த அறுவை. தளர்ந்த சுவரின் இரு விளிம்புகளையும் இழுத்துத் தைப்பது அவர் வழி. கனடாவின் ஷோல்டிஸ் அதை நான்கு வரிசைத் தையலாகச் செம்மைப்படுத்தினார். டொரன்டோ அருகே அவர் பெயரிலேயே உள்ள மருத்துவமனை இன்றும் பெரும்பாலும் வலையில்லாமல் இதைத்தான் செய்கிறது. தையல் முறைகளின் சிக்கல் இழுவிசை. விலகிய திசுவைக் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதால் தொடக்க வலி அதிகம். கைதேர்ந்தவர் செய்யாவிட்டால் ஹெர்னியா திரும்பும் வாய்ப்பும் அதிகம். வலை வேண்டாம் என்பவர்கள் அதிகம் கவனிக்காத செய்தி ஒன்று: ஷோல்டிஸ் முறையில் ஜெனிட்டல் நரம்புக் கிளையை, அதைச் சுற்றிய தசையோடு சேர்த்து வழக்கமாகவே வெட்டிவிடுகிறார்கள். வலை இல்லை என்றால் நரம்பு தொடப்படாது என்று பொருளல்ல.

இந்தியாவிலிருந்தும் ஒரு வலையில்லா முறை போனது. புனேயின் மோகன் தேசர்தா, நோயாளியின் வயிற்றுத் தசையின் சொந்த உறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துப் பலவீனமான இடத்தை மூடும் முறையை 2001இல் வெளியிட்டார். போலந்தில் அதை வலை முறையோடு ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டுகளில் நீடித்த வலியிலும் சரி, ஹெர்னியா திரும்புவதிலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

திறந்து செய்யும் வலை அறுவை, லாஸ் ஏஞ்சலிஸின் லிக்டன்ஸ்டைன் 1980களில் நிலைநிறுத்தியது. இழுத்துத் தைக்காமல், ஓட்டையின் மேல் பாலிப்ரொப்பிலீன் வலையைப் படியவைத்து ஓரங்களைத் தைப்பது. கிழிந்த துணியை இழுத்துத் தைப்பதற்கும் ஒட்டுப்போடுவதற்கும் உள்ள வேறுபாடு. உள்ளூர் மயக்க மருந்திலேயே செய்யலாம், கற்றுக்கொள்வதும் எளிது, ஹெர்னியா திரும்புவது குறைவு. அதனால் உலகம் முழுவதும் பரவியது. ஆனால் வலை போய் உட்காரும் தளம் அந்த மூன்று நரம்புகளும் ஓடும் அதே தளம். வலையின் வடுத்திசு நரம்பைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு இங்கேதான் அதிகம்.

லேப்ராஸ்கோப்பி 1990களின் தொடக்கத்தில் வந்தது. இதில் இரண்டு வழிகள். ஒன்று வயிற்று அறைக்குள் நுழைந்து, உட்சவ்வைத் திறந்து, அதன் பின்னால் வலை வைப்பது. மருத்துவர்கள் இதை டாப் என்பார்கள். மற்றது அறைக்குள் நுழையாமலே சவ்வுக்கும் தசைக்கும் இடையில் வழி உண்டாக்கி வைப்பது, அது டெப். இரண்டிலும் வலை தசைச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, முன்னால் ஓடும் நரம்புகள் பக்கம் போக வேண்டியதே இல்லை. முழு மயக்கம் பெரும்பாலும் தேவை, செலவு கூடுதல், கற்றுக்கொள்ள நீண்ட காலம் ஆகும்.

லேப்ராஸ்கோப்பிக்கும் அதற்கே உரிய ஆபத்து இடம் உண்டு. பின்புறச் சுவரின் வெளிப்பக்கக் கீழ்ப்பகுதியை அறுவையாளர்கள் ‘வலி முக்கோணம்’ என்றே அழைக்கிறார்கள். தொடையின் வெளிப்புறத்துக்குப் போகும் தோல் நரம்பும், ஜெனிட்டோஃபெமொரல் நரம்பும் அங்கே ஓடுகின்றன. வலையைப் பிடித்து நிறுத்தத் திருகுபோன்ற சிறு பிடிப்பானை அந்த இடத்தில் அடித்தால் நோயாளி தொடையெரிச்சலோடுதான் கண் விழிப்பார். இதனால்தான் டெப் முறையில் பெரும்பாலானோருக்கு வலையைப் பொருத்தவே தேவையில்லை, உடலின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்ற கருத்து வலுப்பெற்றது. பெரிய நேரடி ஹெர்னியா, அதாவது பின்சுவரே தளர்ந்து நேராக முன்தள்ளும் வகை, இதற்கு விலக்கு.

ரோபோ என்பது லேப்ராஸ்கோப்பியின் கருவி மாற்றம். வலை உட்காரும் தளம் அதேதான். ‘லேசர் ஹெர்னியா அறுவை’ என்று சுவரொட்டிகளில் வருவதைப் பற்றிச் சொல்வதானால், லேசரால் வயிற்றுச் சுவர் ஓட்டையை மூட முடியாது. உள்ளே நடப்பது மேலே சொன்ன முறைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

எண்கள் சொல்வது

ஸ்வீடனில் டெப் முறையையும் லிக்டன்ஸ்டைன் முறையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்றின் ஐந்தாண்டு முடிவுகள் 2010இல் வெளியாயின. ஏதாவது ஓர் அளவில் வலி இருப்பதாகச் சொன்னவர்கள்: டெப் 9.4 சதவீதம், திறந்த முறை 18.8 சதவீதம். பாதிக்குப் பாதி. நடுத்தரமான அல்லது கடுமையான வலி என்று சுருக்கினால் 1.9 சதவீதமும் 3.5 சதவீதமும். விகிதம் ஏறக்குறைய அதேதான், ஆனால் நூறு பேரில் வேறுபாடு இரண்டு பேருக்கும் குறைவு. விளம்பரம் முதல் வரியோடு நின்றுவிடும். லேப்ராஸ்கோப்பிக்கு எதிரானவர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்வார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முடிவெடுக்க முடியும்: கைதேர்ந்தவர் கிடைத்தால் லேப்ராஸ்கோப்பிக்கு உண்மையான சாதகம் உண்டு, கிடைக்காவிட்டால், நன்றாகச் செய்யப்பட்ட திறந்த அறுவையைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

வலையா, வெறும் தையலா என்ற கேள்விக்கு பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2018இல் தந்த பதில்: வலை வைக்கும் ஒவ்வொரு 46 அறுவைக்கும் ஒரு ஹெர்னியா திரும்புவது தவிர்க்கப்படுகிறது. ஹெர்னியா திரும்பினால் மறு அறுவை. மறு அறுவையோ நீடித்த வலிக்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆக, வலி பயத்தால் வலையைத் தவிர்த்தவர் வேறு வாசல் வழியாக அதே வலிக்கு வந்து சேரலாம். ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 2002இல் வெளியான தொகுப்பில், நீடித்த வலியும்கூட வலை வைத்தவர்களிடம் குறைவாகவே இருந்தது.

வலை மீது விழுந்த பழி

அப்படியானால் இத்தனை வழக்குகள் ஏன்? வேறுபட்ட மூன்று சங்கதிகள் செய்திகளில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

முதலாவது, பெண்களின் இடுப்புக்குழியில், சிறுநீர்க் கசிவுக்கும் கருப்பை இறக்கத்துக்கும் யோனி வழியாக வைக்கப்பட்ட வலை. இங்கிலாந்து 2018இல் அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. 2020இல் வெளியான விசாரணை அறிக்கை பல பெண்களின் கடுந்துயரத்தைப் பதிவு செய்தது. பொருள் அதே வகைப் பிளாஸ்டிக்தான். வைக்கும் இடமும், வழியும், சுற்றியுள்ள திசுவும் வேறு. அந்த முடிவை அப்படியே ஹெர்னியாவுக்குத் தூக்கிவர முடியாது.

இரண்டாவது, குறிப்பிட்ட சில தயாரிப்புகளின் குறை. வயிற்றின் முன்பக்க ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோப்பி வழியாக வைக்கப்பட்ட ஃபிசியோமெஷ் என்னும் வலை 2016இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஜெர்மனி, டென்மார்க் பதிவேடுகளில் அதை வைத்தவர்களுக்கு ஹெர்னியா திரும்புவது அதிகமாகத் தெரிந்ததே காரணம். வலி அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. நாடு தழுவிய பதிவேடு இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் நாம் பேசும் நீடித்த வலி. இதில் வலைக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. வலையை எடுத்தபின் வலி குறைந்தவர்கள் உண்டு. ஆனால் தையல் மட்டும் போட்ட காலத்திலும் நீடித்த வலி இருந்தது. அன்று யாரும் அதை முறையாகக் கேட்டு எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இங்கே பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடை குறைந்த, துளை பெரிய வலைகள் விலை கூடுதல். திறந்த அறுவையில் அவை ‘உள்ளே ஏதோ இருக்கிறது’ என்னும் உறுத்தலைக் குறைக்கின்றன. கடுமையான வலியைக் குறைப்பதாக உறுதிப்படவில்லை. லேப்ராஸ்கோப்பியில் அவற்றால் தனிப் பயன் இல்லை, நெதர்லாந்து ஆய்வொன்றில் ஹெர்னியா திரும்புவதும் கூடியது. மறுபக்கம், உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், கிருமிநீக்கம் செய்த கொசுவலைத் துணி, சந்தையின் விலையுயர்ந்த வலைக்கு ஓராண்டு முடிவில் ஈடுகொடுத்தது. ‘உயர்தர வலை’ என்று கூடுதல் பில் வரும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்

இளம் வயதினர், பெண்கள், திரும்பி வந்த ஹெர்னியாவுக்கு மறு அறுவை செய்துகொள்பவர்கள், திறந்த முறையில் செய்துகொள்பவர்கள், அறுவைக்கு முன்பே அதிக வலி இருந்தவர்கள், அறுவை முடிந்த முதல் நாட்களில் கடும் வலி பட்டவர்கள். வழிகாட்டுதல் தரும் பட்டியல் இது. இளைஞர்களுக்கு அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சின்ன வயது, சீக்கிரம் ஆறிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலிப்பதில்லை.

அறுவைக்கு முந்தைய வலிதான் இவற்றில் ஆழமாகப் பார்க்க வேண்டியது. டென்மார்க்கில் கெஹ்லட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் நோயாளியின் தோலில் 47 டிகிரி செல்சியஸ் சூட்டை வைத்து எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டார்கள். அந்தச் சூட்டுக்கு அதிகம் வலிப்பதாகச் சொன்னவர்களுக்கே ஆறு மாதம் கழித்து ஹெர்னியா அறுவையின் வலியும் தங்கும் வாய்ப்பு கூடியிருந்தது. அறுவையாளரின் கத்தி தொடுவதற்கு முன்பே கதையின் ஒரு பகுதி நோயாளியின் நரம்பு மண்டலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆய்வில் செயல்பாட்டைக் கெடுக்கும் வலி திறந்த முறையில் 16 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் சுமார் 8 சதவீதம். ஆக முறையும் பொருட்டு, ஆளும் பொருட்டு.

அறுவையாளரின் கைக்குள் இருப்பது நரம்பு. இத்தாலியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அறுவையின்போது மூன்று நரம்புகளில் எத்தனை கண்டறியப்படாமல் விடப்பட்டனவோ அதற்கேற்ப நீடித்த வலியின் வாய்ப்பு ஏறியது. மூன்றையும் கண்டு, அவற்றின் உறையைக் கலைக்காமல் இருந்த இடத்தில் விட்டுவிடுவதே நல்லது. வலை வைக்க இடைஞ்சலாக இருந்தாலோ காயம் பட்டிருந்தாலோ, அரைகுறையாக விடாமல் சரியாக வெட்டி நுனியைத் தசைக்குள் புதைக்கலாம். எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக வெட்டுவதற்கு ஆதரவு இல்லை.

இதிலிருந்து ஒரு கேள்வி இயல்பாக எழும். வலியே இல்லாத சிறு ஹெர்னியாவுக்கு அறுவை எதற்கு? வட அமெரிக்காவில் தொந்தரவு குறைந்த 720 ஆண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசர நிலை வந்தது ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 1.8 என்ற அளவில்தான். காத்திருப்பது பாதுகாப்பானது என்றது ஆய்வு. ஆனால் பத்தாண்டுகள் தொடர்ந்தபோது காத்திருந்தவர்களில் சுமார் 68 சதவீதம் பேர் அறுவைக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலியால். எனவே காத்திருப்பு என்பது அறுவையைத் தவிர்ப்பதைவிடத் தள்ளிப்போடுவதாகவே முடிகிறது. வேலை, வயது, உடல்நிலை பார்த்து அது நியாயமான தேர்வாகலாம். பெண்களுக்கு இது பொருந்தாது. அவர்களிடம் தொடை ஹெர்னியா (தொடையிடுக்குக்குச் சற்றுக் கீழே, தொடை இரத்தக் குழாய்களின் பக்கத்தில் வருவது) மறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம், அது சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். ஆகவே லேப்ராஸ்கோப்பி வழியாகத் தாமதிக்காமல் செய்வதே பரிந்துரை. குழந்தைகளின் கதை முற்றிலும் வேறு. அவர்களுக்கு வலை வைப்பதில்லை, வெளித்தள்ளிய சவ்வுப் பையை மட்டும் கட்டிவிடுவார்கள்.

தொப்புளும் பழைய தழும்பும்

தொப்புள் ஹெர்னியா சிறியதாக இருந்தால் வலி அரிதாகவே பெரிய பிரச்சினை. அங்கே மையக் கேள்வி திரும்பி வருவதுதான். 1 முதல் 4 சென்டிமீட்டர் வரையுள்ளவற்றில் வலை வைத்தவர்களுக்கு 4 சதவீதமும் தையல் மட்டும் போட்டவர்களுக்கு 12 சதவீதமும் திரும்பியதாக 2018இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு கண்டது.

பழைய அறுவைத் தழும்பில் வரும் ஹெர்னியா கடினமானது. நம் பெண்களிடம் சிசேரியன், கருப்பை நீக்கத்துக்குப் பின் இதைப் பார்க்கிறோம். இதற்கு லேப்ராஸ்கோப்பி வழியாக வயிற்றின் உட்புறத்தில் பெரிய வலையை வைத்து, சுற்றிலும் பிடிப்பான்களால் அடித்து, மூலைகளில் சுவரின் முழுக் கனத்துக்கும் தையல் போடுவார்கள். விலாவிலிருந்து வரும் நரம்புகள் வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையில்தான் ஓடுகின்றன. அந்தத் தையல் தசையையும் நரம்பையும் சேர்த்து இறுக்கினால், நோயாளி ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய புள்ளி வலி உண்டாகும். அங்கே மரப்பூசி (இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி) போட்டால் பல நேரம் குறையும். வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் நீள்தசைக்குப் பின்னால் வலை வைக்கும் முறைகளில் பிடிப்பான் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அறுவையாளர்கள் இப்போது அந்தப் பக்கம் நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைத் தொடக்கத்திலேயே தடுக்க வழி உண்டு. வயிற்றைத் திறந்த எந்த அறுவையிலும் மூடும்போது பெரிய பெரிய தையலாக இல்லாமல் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகப் போட்டால், ஓராண்டில் தழும்பு ஹெர்னியா 21 சதவீதத்திலிருந்து 13 ஆகக் குறைந்ததாக நெதர்லாந்து ஆய்வு 2015இல் காட்டியது. சில நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவே.

வலி தங்கிவிட்டால்

1. மயக்கம் தெளிந்ததுமே தாங்க முடியாத, ஒரே திசையில் பாயும் சுரீர் வலி இருந்தால் காத்திருக்கக் கூடாது. நரம்பு தையலிலோ பிடிப்பானிலோ சிக்கியிருக்கலாம். உடனடியாகத் திரும்பப் போய் அதை எடுப்பது பின்னாளில் செய்வதைவிட மிக எளிது. காய்ச்சல், சிவப்பு, சீழ், மீண்டும் புடைப்பு, வாந்தி ஆகியவையும் அதே அவசரம்.

2. மற்றவர்களுக்கு முதல் மூன்று மாதம் பொறுமையும் போதுமான வலி மாத்திரையும். முதல் வார வலியை வீரத்துக்காகப் பொறுத்துக்கொள்வது தவறான சிக்கனம். அந்த வலியின் கடுமையே நீடித்த வலிக்கு ஒரு முன்னறிகுறி.

3. மூன்று மாதத்துக்குப் பின், வகையைப் பிரித்தறிதல். உடல் பரிசோதனை, மரத்த பகுதியைத் தோலில் வரைந்து பார்த்தல், அல்ட்ராசவுண்ட், தேவையானால் எம்ஆர்ஐ. நரம்பு வலியென்றால் சாதாரண வலி மாத்திரை அதிகம் உதவாது. காபாபென்டின், பிரெகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும். அமிட்ரிப்டிலின் சீட்டில் இருப்பதைப் பார்த்து ‘என்னை மனநோயாளி ஆக்கிவிட்டார்கள்’ என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மனச்சோர்வுக்கும் தரும் அதே மருந்து, குறைந்த அளவில் நரம்பு வலியைத் தணிக்கும்.

4. நரம்பருகே மரப்பூசி. வலி சில மணி நேரம் மறைந்தாலும் அது பெரிய தகவல்: எந்த நரம்பு என்று தெரிந்துவிடும். வலி மருத்துவம் தனித்துறையாக உள்ள பெரிய மருத்துவமனைகளில் இதைச் செய்கிறார்கள். திரும்பத் திரும்பப் போடும்போது சிலருக்கு நீண்ட நாள் நிவாரணமும் கிடைக்கும்.

5. இவையெல்லாம் தோற்றபின்தான் மறு அறுவை. பொதுவாக ஆறு மாதத்துக்கு முன் இந்த முடிவை எடுப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் பர்விஸ் அமித் 1990களில் வளர்த்தெடுத்த வழி மூன்று நரம்புகளையும் வெட்டிவிடுவது. அவை ஒன்றோடொன்று கிளைகளைப் பகிர்வதால் ஒன்றை மட்டும் வெட்டினால் போதாமல் போகலாம். முன்பு லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கு வலி உண்டாகும் இடம் இன்னும் ஆழத்தில் இருப்பதால், நரம்பை முதுகுப் பக்கம், மேலே போய் வெட்ட வேண்டியிருக்கும். விலை நிரந்தர மரத்துப்போதல். பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளி இதழிலும் மரப்பு வரலாம். வயிற்றுத் தசை சற்றுத் தளர்ந்து பக்கவாட்டில் உப்பலாகத் தெரியலாம். வலையை எடுப்பது இதனோடு சேர்த்தோ தனியாகவோ செய்யப்படும். வலை மடிந்து கட்டியானதற்குச் சான்று இருக்கும்போது பலன் அதிகம். திசுவோடு ஒன்றிப்போன வலையைப் பிரித்தெடுக்கையில் விதையின் இரத்த ஓட்டம் அறுபட்டு விதையை இழக்கவும், தொடைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் காயப்படவும் வாய்ப்பு உண்டு. ஹெர்னியா திரும்பவும் வரலாம். எனவே வலை வைப்பதில் தேர்ந்தவர் என்பது போதாது. எடுப்பதில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அவர்களில் எத்தனை பேருக்கு வலி குறைந்தது என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.